செத்தது டாங்க், குற்றவாளி ஹீலரா?

ஐந்து பேர் குகைக்குள் போகிறார்கள். ஐந்து பேரும் சாகிறார்கள். அடுத்த நொடியே சாட் பெட்டியில் முதல் வரி வந்து விழுகிறது: "ஹீலர் என்ன தூங்கிட்டு இருந்தாரா?"

ஆன்லைன் விளையாட்டு உலகில் அலுக்காமல் சொல்லப்படும் பொய்களில் இது ஒன்று. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். குழுவுக்கு இளைச்சவர் ஹீலர்! யார் செத்தாலும் பழி அவர் தலையில். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிலைமையும் இதுதான். நாள் முழுக்கப் பிடித்த பந்துகளை யாரும் எண்ணுவதில்லை. கையை விட்டு நழுவிய ஒன்றை மட்டும் ஊரே எண்ணும்.

விளையாடாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற விளையாட்டுகளில் ஐவர் குழுவில் மூன்று வகை வேலை. எதிரிகளைத் தன் மேல் இழுத்து அடி வாங்குபவர் டாங்க். அடிபட்டவர்களைக் குணப்படுத்துபவர் ஹீலர். மற்ற மூவரும் எதிரியை அடித்து வீழ்த்துபவர்கள். அடுத்த கூட்டத்தை எப்போது இழுப்பது, எத்தனை பேரை இழுப்பது என்று முடிவு செய்பவர் டாங்க். அதாவது, வேகத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், அதற்கான செலவைக் கட்டுபவர் இன்னொருவர். சண்டை மூட்டும் இடமே இதுதான்.

அந்தச் செலவின் பெயர் மானா. ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஹீலரின் கையிருப்பிலிருந்து கொஞ்சம் போகும். பழைய வார்கிராஃப்டிலும், அது 2019 ஆகஸ்டில் கிளாசிக் என்ற பெயரில் திரும்பி வந்தபோதும் ஒரு விதி உண்டு. மானா செலவழித்து மந்திரம் போட்டால், தானாக ஊறும் மானா அடுத்த 5 நொடிகளுக்கு நின்றுவிடும். டாங்க் மேல் அடி விழுந்துகொண்டே இருந்தால் ஹீலர் மந்திரம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் மானா எங்கே ஊறுவது? சண்டை முடிந்ததும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால்தான் நிரம்பும். அதற்கு அரை நிமிடம் வரை ஆகும்.

அந்த அரை நிமிடம்தான் சில டாங்க் மகாராஜாக்களுக்குப் பொறுக்காது. ஹீலர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், நீல நிறக் கோடு பாதிகூட ஏறவில்லை. இவரோ அதற்குள் அடுத்த அறைக்குள் பாய்ந்தாயிற்று!

இன்னொரு விதியையும் பாருங்கள். எதிரி யாரைத் தாக்குவது என்று முடிவு செய்ய ஒரு கோபக் கணக்கு வைத்திருக்கும். பழைய வார்கிராஃப்டில் ஒரு புள்ளி சேதம் கொடுத்தால் அடிப்படையில் ஒரு புள்ளி கோபம். ஒரு புள்ளி குணப்படுத்தினால் அரைப் புள்ளி கோபம், அதுவும் சண்டையில் இருக்கும் எதிரிகள் எல்லாருக்கும் பிரிந்து போகும். டாங்க் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு அடிகூட வைக்காமல் இழுத்து வந்த எதிரி யாரைத் தேடிப் போகும்? அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஹீலரைத்தான். ஹீலர் சாகிறார், பிறகு டாங்க் சாகிறார், பிறகு மற்றவர்கள். கடைசியில் பழி மட்டும் ஹீலருக்கு.

"வேகமாகப் போனால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்தானே?" என்று ஒரு வாதம் உண்டு. அரை நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து பேரும் செத்து, கல்லறையிலிருந்து ஆவியாக ஓடி வந்து, மறுபடி உடம்பைத் தேடி எழுந்து நிற்கும் நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? "தண்ணீர் குடிக்கணும்னா ஹீலர் வாய் திறந்து சொல்லலாமே?" என்பது அடுத்த வாதம். ஐந்து பேர் உயிரைக் கையில் பிடித்திருப்பவர் எந்தக் கையால் தட்டச்சு செய்வது? அவருடைய மானா எல்லார் திரையிலும் தெரிகிறது. அதைப் பார்க்க ஒரு நொடி போதும்.

"இதெல்லாம் பழைய கதை, இப்போது பெரிய கூட்டமாக இழுப்பதுதான் வழக்கம்" என்பவர்களும் உண்டு. நால்வர் குழுவாகக் குகைக்குள் போகும் ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் வழி அடைக்கும் சுவர் வரை எல்லாரையும் சேர்த்து இழுப்பது சகஜம்தான். தப்பே இல்லை. ஆனால் அப்படி இழுக்கும் டாங்க்குக்கு ஒரு கடமை இருக்கிறது. ராம்பார்ட் என்று ஒரு திறன். 20 நொடிகளுக்கு வாங்கும் சேதத்தில் 20 சதவீதத்தைக் குறைக்கும், 90 நொடிக்கு ஒரு முறை பயன்படுத்தலாம். அந்தப் பொத்தானைத் தொடாமலே பத்து எதிரிகளை இழுத்துவிட்டு "ஹீல் வரல" என்று கத்துவது வீரம் ஆகாது. குடை இருந்தும் விரிக்காமல் மழையைத் திட்டுவது மாதிரி.

ஹீலர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று யாரும் சொல்லவில்லை. டாங்க்குக்குப் பாடம் புகட்டுகிறேன் என்று வேண்டுமென்றே சாகவிடும் ஹீலர்களும் இருக்கிறார்கள். அது கேவலம். மற்ற மூவர் நேரமும் சேர்ந்து வீணாகிறது. டாங்க்குக்கு முன்னால் ஓடி, தானே எதிரியை உசுப்பிவிடும் ஹீலரும் அதே ரகம். இன்னொருவர் வேலையை மதிக்காத வியாதி இருபக்கமும் உண்டு. ஆனால் வேகம் யார் கையில் இருக்கிறதோ, முதலில் திரும்பிப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

இந்த மரியாதை எப்போது தேய்ந்தது? ஆரம்ப வருடங்களில் வார்கிராஃப்டில் ஆள் சேர்க்க நகரத்தில் நின்று கூவ வேண்டும், குகை வாசல் வரை நடக்க வேண்டும். எல்லாரும் ஒரே சர்வர். மோசமாக நடந்தால் பெயர் கெட்டுவிடும், அடுத்த முறை யாரும் சேர்க்கமாட்டார்கள். 2009 டிசம்பரில் தானியங்கி முறை வந்தது. பொத்தானை அமுக்கினால் வெவ்வேறு சர்வர்களிலிருந்து முகம் தெரியாத நால்வர் வருவார்கள், நேரே குகைக்குள் இறக்கிவிடப்படுவார்கள். வசதிதான். ஆனால் திட்டிவிட்டு மறைந்து போகவும் அதே வசதி. கூடவே ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றும் உரிமையும் வந்தது. பழி சுமப்பவர்தான் முதலில் வெளியே போவார் என்று சொல்லவும் வேண்டுமா?

2011 ஏப்ரலில் அந்த நிறுவனமே ஒரு பையைத் தொங்கவிட்டது. எந்த வேலைக்கு ஆள் குறைவோ அந்த வேலையில் வந்து குகையை முடித்தால் தங்கம், ரத்தினக்கல், அதிர்ஷ்டம் இருந்தால் அரிய குதிரை. அடிக்க ஆள் வரிசையில் நிற்கிறது, தாங்கவும் காக்கவும் ஆள் இல்லை! பை கொடுத்தால் ஆள் வரலாம். வந்தவர் முதல் குகையிலேயே நாலு பேரிடம் வசை வாங்கினால் தங்குவாரா? ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் ஆட்டம் முடிந்ததும் குழுவில் ஒருவருக்குப் பாராட்டு கொடுக்கலாம், சேர்ந்து வந்த நண்பருக்குக் கொடுக்க முடியாது. பரவாயில்லை, நன்றி சொல்லவும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதையும் அமுக்காமல் ஓடுகிறவர்களை என்ன செய்வது?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் கூட்டத்தை இழுக்கும் முன் "ரெடியா?" என்று ஒரு வார்த்தை. ஒவ்வொரு இழுப்புக்கும் முன் ஹீலரின் மானா மேல் ஒரு பார்வை. எல்லாரும் செத்தால் "ஹீலர் எங்கே?" என்பதற்கு முன்னால் "எத்தனை பேரை இழுத்தோம்?" என்று ஒரு கேள்வி. இதற்கெல்லாம் தனித்திறமை வேண்டாம், விலை உயர்ந்த கணினியும் வேண்டாம்.

இதைக்கூடச் செய்ய முடியாத டாங்க்குக்கு ஒரே ஒரு யோசனை. ஒரு வாரம் ஹீலராக விளையாடிப் பார்க்கட்டும். ஏழாவது நாள் வரை தாங்கினால் பெரிய விஷயம் :-)