படகில் இருவர், பாதைக்கு யார் காசு?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். அடுத்து என்ன? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பல தம்பதியர் இதற்குச் சொல்லும் பதில், ஒரு படகு! குளிர் இறுகும் முன் தெற்கே ஃப்ளோரிடாவுக்குக் கிளம்புகிறார்கள். வசந்தம் வந்ததும் வடக்கே திரும்புகிறார்கள்.

இவர்கள் பெரும்பாலும் திறந்த கடலில் போவதில்லை. கரையை ஒட்டி உள்ளேயே ஓடும் 'இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே' என்ற நீர்ப்பாதையில் போகிறார்கள். ஆறுகளையும் உப்பங்கழிகளையும் வெட்டிய கால்வாய்களால் இணைத்து உருவான பாதை இது. விர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் 0 மைல். அங்கிருந்து மயாமிக்கு ஏறக்குறைய 1,090 மைல். பகலில் மட்டும் ஓட்டி, நாளுக்கு 50 மைல் போனால் எத்தனை நாள்? மூன்று வாரம் தாண்டிவிடும். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, இன்னொருவர் வரைபடத்தைப் பார்த்தபடி, தூக்குப்பாலத்தைத் திறக்கச் சொல்லி ரேடியோவில் கேட்பார்.

கேட்க சொர்க்கம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாதை தானாக வந்ததில்லை. 1805-ல் திறந்த டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாயைச் சேற்றில் நின்று வெட்டியவர்கள் கறுப்பின அடிமைகள். 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வட கரோலினா கடலில் கப்பல்களை மூழ்கடித்தபோது, சரக்குக்குப் பாதுகாப்பான வழியாக இருந்ததும் இந்த உள்பாதைதான்.

இன்றைய சிக்கல் மணல். நார்ஃபோக்கிலிருந்து ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழம் இருக்க வேண்டும் என்பது அரசின் அளவு. ஆனால் ஓதம் நாள்தோறும் மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஜார்ஜியாவில் 'ஹெல் கேட்' என்ற இடம் இதற்குப் பேர்போனது. தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் பல படகுகள் அதைக் கடக்கும். தூர்வார வேண்டியது ராணுவப் பொறியாளர் பிரிவு. அதற்குப் பணம் ஒதுக்கும்போது எத்தனை டன் சரக்கு போகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். இங்கே சரக்கு குறைந்துவிட்டது. அதனால் பணமும் குறைவு.

"வசதியானவர்களின் உல்லாசத்துக்கு ஊர் வரிப்பணமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மீன்பிடிப் படகுகளுக்கும் இதே ஆழம்தான் வேண்டும். வழியிலுள்ள சின்ன ஊர்களில் டீசல் விற்பவர், மளிகைக்கடைக்காரர், படகு பழுதுபார்ப்பவர் எல்லோருக்கும் இந்தத் தம்பதிகள்தான் வாடிக்கையாளர்கள். டன் கணக்கில் இவர்கள் யாருமே வரமாட்டார்கள்.

அதற்காகத் தம்பதிகள் சும்மா போய்வரலாம் என்பதும் சரியில்லை. அரசின் கால்வாய்களில் சுங்கம் வாங்கக்கூடாது என்று 1884-ல் போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது. சரக்கு ஏற்றி வந்த ஏழைப் படகுக்காரனுக்கு அது பொருந்தும். பொழுதுபோக்குக்காகப் பல மாதம் படகிலேயே வாழ வசதியுள்ளவர்களுக்கும் ஏன் அதே சலுகை? வருடத்துக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். அந்தப் பணம் தூர்வாருவதற்கு மட்டும் போகவேண்டும். மீதியை அரசு போடட்டும்.

தரைதட்டிய படகை இழுக்க ஆள் கூப்பிட்டால் அதற்கும் காசுதானே? அதை முன்கூட்டியே எல்லோரும் சேர்ந்து கொடுத்தால் படகு தரைதட்டாமலே போகலாம் இல்லையா?