தீயும் விதியும்

வீடு எரிந்து சாம்பரான பின்னர், "எல்லாம் விதி" என்று கூறி ஆறுதலடைவது நம்மவர் வழக்கம். நாமும் விதியையே காரணமாகக் கூறுகின்றோம். ஆனால், அது தலைவிதியன்று. ஏட்டில் உறங்கும் சட்டவிதி.

சட்டம் இல்லாமலில்லை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியின்றி வீடு கட்டலாகாது என்கின்றது. இணக்கச் சான்றிதழ் பெறாமல் புதுக் கட்டிடத்திற் குடிபுகலாகாது என்றும் விதிக்கின்றது. நூறாண்டு கடந்த இவ்விதியை அறிந்தோர் நம் ஊர்களில் எத்தனை பேர்?

பெரியநீலாவணையை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல்கோளால் வீடிழந்தோருக்கென இங்குத் தொடர்மாடி வீடுகள் எழுந்தன. வளவு வீட்டிலே தீப்பிடித்தால் முற்றத்துக்கு ஓடலாம். மாடியில் வாழ்வோர்க்குப் படிக்கட்டே உயிர்வழி. அவ்வழியில் பொருள்களை அடுக்குவது தமக்குத் தாமே கதவடைப்பதாகும். அயலிலுள்ள மருதமுனையிலோ நெசவுத் தறியும் நூற்கட்டும் வீட்டோடு வாழ்கின்றன. உழவர் இல்லங்களில் நெல்மூடைக்கு அருகிலேயே நீர்ப்பம்பிக்குரிய எண்ணெயும் இருக்கக் காணலாம். கச்சான் வீசும் மாதங்களில், கிடுகு வேலியிற் பட்ட பொறி அடுத்த வளவுக்குத் தாவ எவ்வளவு நேரம் வேண்டும்?

அதே 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்துப் பாடசாலையொன்றில் சமையற் கொட்டகையிற் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளைப் பலிகொண்டது. அதன் பின்னரே தமிழ்நாட்டுப் பாடசாலைகளிற் கீற்றுக் கூரைகளை அகற்றும் ஆணை பிறந்தது. பிணங்களை எண்ணிய பிறகுதான் விதிகள் விழித்தெழ வேண்டுமா?

பழி முழுவதையும் குடிமக்கள் தலையிற் சுமத்துவதும் அறமன்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தன. சிலிண்டரிலிருந்த வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே முதன்மைக் காரணமென ஜனாதிபதி நியமித்த குழு கண்டறிந்தது. அடுப்பு மூட்டிய இல்லத்தரசி செய்த குற்றம் யாது?

ஆகவே, கல்முனை மாநகர நிருவாகத்திடம் நாம் வேண்டுவன இவை: தீத்தடுப்பு விதிகளை எளிய தமிழில் அச்சிட்டு வீடுதோறும் வழங்குக. புது வீட்டுக்குச் சான்றிதழ் அளிக்குமுன், தீயணைப்பு வண்டி ஒழுங்கைக்குள் நுழையுமா, வெளியேற வழியுண்டா, மின்னிணைப்புச் செம்மையா என்று நேரிற் பார்வையிடுக. கிடுகுக் குசினியுடைய ஏழையைத் தண்டத்தால் வாட்டாது, ஓட்டுக் கூரையிட உதவுக.

பொறியியலாளரும் மின்வினைஞரும் தத்தம் ஊருக்கு ஒருநாள் உழைப்பை ஈயலாகாதா? உழவர் பெருமக்கள் எண்ணெய்க் கலனை இன்றே வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டிலுக்கு மாற்றலாகாதா? "ட்ரிப் சுவிட்ச்"சின் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்க்கப் பணம் வேண்டியதில்லை.

நெருப்புக்குச் சாதியில்லை, சமயமில்லை, வேலியுமில்லை. அதைத் தடுக்கும் முயற்சியிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுபட்டு நிற்க வேண்டும். தலைவிதியை நொந்தது போதும், சட்டவிதியை எழுப்புவோம்.