வேலிக்கு மேலே வானம்

யாழ்ப்பாண நகரில் இன்று திருமணமோ தேர்த்திருவிழாவோ நடைபெறின், நாதசுரத்தோடு வேறோர் ஓசையும் கேட்கின்றது. தலைக்கு மேலே நின்று இரையும் ஆளில்லா வானூர்தியின் ஓசை அது. ட்ரோன் என வழங்கும் அக்கருவியைக் கூலிக்குப் பறக்கவிட்டுப் படம் பிடித்தல் நம் இளைஞர் சிலருக்குப் பிழைப்பாகிவிட்டது. அத்தொழிலை நாம் வெறுப்பவரல்லர். யாழ்ப்பாணக் கோட்டையின் ஐங்கோண வடிவத்தை, நிலத்தில் நின்று பார்த்த நம் முன்னோருள் எத்தனை பேர் முழுமையாகக் கண்டிருப்பர்? இன்று பள்ளி மாணவன் ஒருவன் அதனை ஒரே படத்திற் கண்டுகொள்கின்றான்.

ஆயின், இத்தொழிலுக்குரிய விதிகள் யாரை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டன என்பதே நம் வினா. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை இக்கருவிகளை எடைக்கேற்ப வகுத்து ஒழுங்குபடுத்துகின்றது. பாதுகாப்பு அமைச்சின் இசைவும் வேண்டப்படுகின்றது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளை அடுத்துச் சில நாட்களுள் இவற்றின் பறப்பு நாடெங்கும் நிறுத்தப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டபின் குடாநாட்டு வானுக்குக் காவல் மேலும் இன்றியமையாததாயிற்று. விமானத்துக்குக் காப்பு உண்டு, அரசுக்கும் உண்டு. கிணற்றடியில் நீராடும் பெண்ணுக்கு என்ன காப்பு?

நம்மவர் வேலிக்குக் கொடுத்த மதிப்பு சிறிதன்று. கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து, ஆண்டுதோறும் புதுக்கி அடைத்தனர். அயலார் கண் உட்புகாதிருக்கவே அத்துணைப் பாடும். வேலிச் சண்டை நீதிமன்றம்வரை போன கதை எவ்வூரிலும் உண்டு. அதனை எள்ளி நகைத்தோரும் உளர். இன்று பலர் மதிலே கட்டிவிட்டனர். ஆயினும் மதிலை எத்துணை உயர்த்தினும், மேலிருந்து நோக்கும் கருவிக்கு வளவு திறந்த வெளியே.

நிலத்துக்குரியவனுக்கு அதன்மேலுள்ள வானத்தில் உரிமை எவ்வளவு என்ற வழக்கு புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் வட கரோலினாவில், ஒரு கோழிப் பண்ணைக்கு மேலே படைவிமானங்கள் மிகத் தாழ்வாகப் பறந்தன. அஞ்சிய கோழிகள் சுவரில் மோதி மாண்டன. 1946இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், வானமனைத்தும் நிலவுடைமையாளனதே என்ற பழைய கோட்பாட்டை ஏற்கவில்லை. எனினும் நிலத்தை அனுபவித்தற்கு வேண்டிய தாழ்வெளி அவனுக்குரியது என்று கூறிற்று. அந்தத் தாழ்வெளியிலேதான் இன்றைய ட்ரோன் உலவுகின்றது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. ட்ரோன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் தேனீ என்பது பொருள். அகராதி பாராத வன்னி மக்கள், போரின் இறுதிக் காலத்தில் இரவும் பகலும் தலைமேல் வட்டமிட்ட வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயரிட்டனர். வண்டு வந்தால் பின்னால் என்ன வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வோசையைக் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய குழந்தைகள் இன்று நம்மிடையே பெற்றோராய், ஆசிரியராய் வாழ்கின்றனர். கலியாணப் படத்துக்காக எழும் இரைச்சல், அயல்வீட்டில் இருப்பவர் நெஞ்சில் எதனை எழுப்பும் என்பதை விண்ணப்பப் படிவம் எதுவும் கேட்பதாகத் தெரியவில்லை.

வானத்தை ஆளும் அதிகாரம் மாநகர சபைக்கு இல்லை என்பர். உண்மையே. ஆயினும் கூலிக்குப் பறக்கவிடுவோர், பறக்கும் நாளையும் நேரத்தையும் முன்னதாகச் சபைக்கு அறிவித்து, அயல்வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும் என அதிகாரசபை தன் அனுமதியில் ஒரு நிபந்தனை சேர்த்தல் அரிதன்று. வைத்தியசாலை, பாடசாலை, மயானம் ஆகியவற்றின் மேலே, உரியவர் இசைவின்றிப் பறத்தலாகாது என்பதையும் சேர்க்கலாம். படத்தில் அகப்பட்ட அயலார் வளவை நீக்கும் பொறுப்பு, படம் பிடித்தவரையே சாரல் வேண்டும். தொழில் செய்யும் இளைஞர் இவற்றுக்கு மறுப்புச் சொல்லார் என்றே எண்ணுகின்றோம். அவர்கள் வீட்டிலும் கிணறு உண்டு.