ஓட்டுகிறவர் ஆர்?



சென்ற மாதம் ஒரு தாய் தன் மகனின் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பத்து வயதுப் பிள்ளை. கொப்பியின் பின்பக்கம் முழுவதும் யுத்த ராங்கிகள்.

"மிஸ், இவன் சண்டை முடிஞ்சு எத்தினையோ வரியத்துக்குப் பிறகு பிறந்தவன். ஒரு செல் சத்தம் கேட்டதில்லை. பிறகேன் இதைக் கீறுறான்? ரெண்டு பக்கத்தைக் கிழிச்சு அடுப்புக்குள்ளை போட்டிட்டன்" என்றார்.

அவருடைய கை நடுங்கியது. அதைப் பார்த்த பின் "கிழித்தது பிழை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யப்பானில் ஒருவர் கீறிய சித்திரக்கதையைப் பற்றிச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அவர் பெயர் மிட்சுதெரு யொக்கோயாமா. 1934இல் கோபே நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் நகரத்துப் பிள்ளைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினார்கள். இவரும் தொட்டோரிப் பகுதிக்கு இடம்பெயர்ந்தார். ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது போர் முடிந்தது. ஊருக்குத் திரும்பினால் ஊர் இல்லை. 1945 மார்ச்சிலும் ஜூனிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் போட்ட எரிகுண்டுகளால் கோபே சாம்பலாகிக் கிடந்தது. அந்த விமானத்தின் அழிக்கும் வலுவைக் கண்டு சிறுவனாகத் திகைத்துப் போனதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். திரும்பிப்போய்த் தன் வளவைத் தேடிய அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. அதை நான் விபரிக்கத் தேவையில்லை.

1956இல், இருபத்திரண்டு வயதில், 'ஷோனென்' என்ற சிறுவர் சஞ்சிகையில் 'தெட்சுஜின் 28-கோ' என்ற தொடரை அவர் தொடங்கினார். 'இரும்பு மனிதன் இலக்கம் 28' என்று பொருள். போரின் கடைசிக் காலத்தில் யப்பானிய இராணுவம் இரகசியமாக ஒரு பென்னாம் பெரிய றோபோவைச் செய்ய முயல்கிறது. ஒன்று சரிவராமல் இன்னொன்று என்று போய் இருபத்தெட்டாவது சரிவருகிறது. ஆனால் போர் முடிந்துவிடுகிறது. அழிப்பதற்கென்று செய்த இயந்திரம் மிஞ்சிக் கிடக்கிறது. அதைச் செய்த விஞ்ஞானிகளில் ஒருவரான கனேடாவின் மகன் ஷொட்டாரோவிடம் அது வந்து சேர்கிறது. அரைக் காற்சட்டை போட்ட சின்னப் பையன்!

அதே சஞ்சிகையில் ஒசாமு தெசுக்கா எழுதிய 'அட்டம்' என்ற றோபோச் சிறுவனுக்கு இதயம் உண்டு, கண்ணீர் உண்டு. உலகம் கொண்டாடியது அவனைத்தான். இரும்பு மனிதன் 1960களில் கார்ட்டூன் படமாக வெளிநாடுகளுக்குப் போனாலும், மூலச் சித்திரக்கதையை யப்பானுக்கு வெளியே வாசித்தவர்கள் குறைவு. எனக்கென்றால் இதுதான் பெரிய கதை. ஏனென்றால் இந்த இரும்பு மனிதனுக்கு மூளையும் இல்லை, மனமும் இல்லை. நல்லது கெட்டது தெரியாது. ஒரு சிறு றிமோட் பெட்டி ஆரின் கையில் இருக்கிறதோ, அவர் சொன்னதைச் செய்யும். திருடர் கூட்டத்தின் கையில் பெட்டி அகப்பட்டால் ஊரையே உடைக்கும். பிறகு ஷொட்டாரோ ஓடி, விழுந்தெழும்பி, அதை மீட்க வேண்டும். இப்படியே பத்து வருடம், 1966 வரை, கதை ஓடியது. இதை நட்பு என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் நட்பு. ஆனாலும் தன் நகரத்தை எரித்தது போன்ற ஒரு வலுவை அந்த மனிதர் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். ஷொட்டாரோ கைத்துவக்கும் வைத்திருக்கிறான். பிள்ளையின் கையில் துவக்கு என்றால் எனக்கு அந்த இடத்தில் கதை ஓடாது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

1995 ஜனவரி 17இல் கோபே மறுபடியும் நொறுங்கியது. இந்த முறை பூமியதிர்ச்சி. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். சப்பாத்துச் செய்யும் சிறு பட்டறைகள் நிறைந்த நகாட்டாப் பகுதியில் தீயும் பரவியது. யொக்கோயாமா 2004இல் காலமானார். 2009இல் அந்த நகாட்டாவின் பூங்காவொன்றில், ஏறத்தாழ 50 தொன் எடையில், கையை முன்னே நீட்டியபடி நிற்கும் இரும்பு மனிதனின் சிலையை எழுப்பினார்கள். எரிந்த இடத்துக்கு ஆட்களை மறுபடி வரவைக்க அவர்கள் தெரிந்தெடுத்தது, ஒரு காலத்துப் பிள்ளைகள் சஞ்சிகையில் வாசித்த றோபோவைத்தான்.

இவ்வளவையும் அந்தத் தாய் பொறுமையாகக் கேட்டார். "அப்ப நான் என்ன செய்யிறது?" என்றார். கிழிக்க முன்னம் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கோ, இதை ஓட்டுறது ஆர் எண்டு மட்டும் கேளுங்கோ என்றேன். பிள்ளை வீட்டில் அடிக்கடி கேட்ட கதைகளைக் கீறியிருக்கலாம். ரீவீயில் பார்த்ததாகவும் இருக்கலாம். கேட்காமல் எங்களுக்குத் தெரியாது.

போன கிழமை வந்தார். கேட்டிருக்கிறார். பெடியன் தலை நிமிராமலே சொன்னானாம்: "ஓட்டுறவர் சாப்பிடப் போட்டார்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றதாகச் சொன்னார். கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது.