வினாத்தாள் மாறாமல் விரிவுரை மாறாது

செமஸ்டர் பரீட்சைகள் நெருங்கும் வாரங்களில் பல்கலைக்கழகங்களைச் சூழவுள்ள நிழற்பிரதி நிலையங்கள் இரவு வெகுநேரம் வரை இயங்குவதைக் காணலாம். அங்கு அதிகம் பிரதியெடுக்கப்படுபவை மூத்த மாணவர்களின் விரிவுரைக் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களுமே. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் கடும் போட்டியைத் தாண்டிப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்கள், தனியார் கல்வி நிலையங்களில் பழகிய அதே வழியிலேயே தொடர்ந்தும் கற்கின்றார்கள். இதற்காக மாணவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் எது கேட்கப்படுகின்றதோ அதற்கே அவர்கள் ஆயத்தமாகின்றார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கற்பித்தல் முறைகள் மாறவேண்டும் என்ற பேச்சு எமது நாட்டில் புதியதன்று. 2003ஆம் ஆண்டு தொடக்கம் உலக வங்கியின் உதவியுடன் உயர்கல்வித் துறைக்கான பாரிய திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடைமுறைப்படுத்தப்பட்டன. ‘மாணவர் மையக் கற்றல்’, ‘பெறுபேறு சார்ந்த கல்வி’ ஆகிய தொடர்கள் இன்று எல்லாப் பீடங்களின் கையேடுகளிலும் இடம்பிடித்துள்ளன. பாடத்திட்டங்கள் திருத்தப்பட்டன, விரிவுரையாளர்களுக்குப் பயிற்சிகள் வழங்கப்பட்டன, விரிவுரை மண்டபங்களுக்குப் புதிய சாதனங்கள் வந்தன. இவ்வளவுக்குப் பின்னரும் பெரும்பாலான பாடங்களில் விரிவுரையாளர் குறிப்புச் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் வழக்கம் அழியவில்லை. முன்னர் கரும்பலகையில் இருந்தது இப்போது திரையில் ஒளிர்கின்றது என்பதே பல இடங்களில் ஏற்பட்டுள்ள மாற்றமாகும்.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள 2012இல் அறிமுகப்படுத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு உதவுகின்றது. அதன்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். விரிவுரையை அடிப்படையாகக் கொண்ட பாடங்களில் வழமையாக இவற்றுள் 15 மணித்தியாலங்களே விரிவுரைக்கு உரியவை. எஞ்சிய 35 மணித்தியாலங்கள் வாசிப்பு, ஒப்படை, கலந்துரையாடல், சுயகற்றல் என்பவற்றுக்கானவை. மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடத்தில் இது 105 மணித்தியாலங்களாகும். மாணவர் அந்த 105 மணித்தியாலங்களில் எதனை வாசித்தார், எதனை அவதானித்தார், எதனைச் சிந்தித்தார் என்று இறுதி வினாத்தாள் ஒருபோதும் கேட்பதில்லையெனில், அவை கையேட்டில் மாத்திரம் வாழும் மணித்தியாலங்களே. விரிவுரைக் குறிப்பை மனனம் செய்வோர் உயர் சித்தி பெறவும், நூலகத்தில் நாட்களைச் செலவிட்டோர் சாதாரண சித்தியுடன் வெளியேறவும் நேர்ந்தால், அடுத்த அணி மாணவர் எந்த வழியைத் தெரிவு செய்வர் என்பது சொல்லாமலே விளங்கும்.

எமது உயர்கல்வியின் வரலாற்றிலேயே இதன் வேர் உண்டு. 1921இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்த நிறுவனமாகும். எங்கோ தயாரிக்கப்பட்ட வினாத்தாளுக்கு இங்கே விடை பயிலப்பட்டது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது நாம் பெற்ற உரிமைகளில் முக்கியமானது, எமது மாணவரிடம் எமது வினாக்களைக் கேட்கும் உரிமையாகும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வுரிமையை நாம் முழுமையாகப் பயன்படுத்துகின்றோமா என்பதே கேள்வி.

ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். கரையோர அரிப்புக்கான காரணங்களை விளக்குமாறு ஒரு புவியியல் வினாத்தாள் கேட்கலாம். அதற்கான ஐந்து காரணங்கள் எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் உண்டு. ஆனால் அதே ஒலுவிலில் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் நிர்மாணத்தைத் தொடர்ந்து வடக்குப் பக்கக் கரை அரிக்கப்பட்டதையும், மீனவர்களின் கரைவலைத் தொழிலும் தென்னங்காணிகளும் பாதிக்கப்பட்டதையும் அப்பிரதேச மக்கள் நன்கறிவர். அக்கரையை அளந்து, பழைய வரைபடங்களுடன் ஒப்பிட்டு, மீனவரிடம் விசாரித்து, தன் முடிவை ஆதாரத்துடன் நிறுவுமாறு மாணவரிடம் கேட்டால் அதற்கான விடை நிழற்பிரதி நிலையத்தில் கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை குறித்து 2019இல் உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இத்தகையதே. இரசாயனம், புவியியல், சட்டம் ஆகிய மூன்று துறை மாணவருக்கும் அதில் வினாக்கள் உள்ளன. அத்தகைய வினா கேட்கப்படும்போது விரிவுரையாளரும் வேறுவிதமாகக் கற்பிக்க வேண்டியவராகின்றார்.

இது எட்டாத இலட்சியமன்று. எமது மருத்துவ பீடங்களில் மாணவர் நோயாளியைப் பரிசோதித்து, விசாரித்து, தன் தீர்மானத்தைப் பரீட்சகர் முன்னிலையில் விளக்கவேண்டும். எழுத்துப் பரீட்சையில் மட்டும் தேறிய ஒருவரிடம் நோயாளியை ஒப்படைக்க எவரும் துணியார். ஆனால் நாளை ஒரு பாடசாலையின் வகுப்பறையையோ பிரதேச செயலகத்தின் மேசையையோ பொறுப்பேற்கப்போகும் கலைப்பீட மாணவரை மூன்று மணித்தியால விடைத்தாளைக் கொண்டு மாத்திரம் மதிப்பிடுவதில் நாம் தயக்கம் காட்டுவதில்லை.

அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் ஆரம்பத்தில் பெற்ற அனுபவமும் இங்கு நோக்கத்தக்கது. சூத்திரங்களைக் கொண்டு கடினமான கணக்குகளைத் தீர்த்த அவரது மாணவர்கள், அன்றாட அனுபவம் சார்ந்த எளிய எண்ணக்கரு வினாக்களில் தடுமாறினர். அதன்பின் அவர் விரிவுரையை இடையிடையே நிறுத்தி ஒரு வினாவைக் கேட்டு, அருகிலிருப்பவருடன் வாதிட்டு மீண்டும் விடையளிக்குமாறு மாணவரைப் பணித்தார். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கையை உயர்த்தினாலே போதும். முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் எமது மண்டபங்களிலும் இதனைச் செய்ய முடியும்.

ஆயினும், இறுதிப் பரீட்சையின் நிறையைக் குறைத்துத் தொடர் மதிப்பீட்டின் நிறையைக் கூட்டுவது குறித்து எமது சமூகங்களிடம் நிலவும் ஐயத்தை அலட்சியப்படுத்த முடியாது. 1970களின் தரப்படுத்தலின்போது மொழிமூலத்தை அடிப்படையாகக் கொண்டு வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டதை தமிழ்மொழி மூலம் கற்ற தலைமுறை மறக்கவில்லை. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிக் குழறுபடி நீதிமன்றம் வரை சென்றதும் அண்மைய வரலாறே. பெயரற்ற சுட்டெண்ணுடன் எழுதப்படும் விடைத்தாளே பக்கச்சார்புக்கு எதிரான கவசம் என்று பெற்றோர் எண்ணுவதில் நியாயம் உண்டு. விரிவுரையாளரின் விருப்பு வெறுப்பு புள்ளிகளில் கலந்துவிடுமோ என்ற அச்சம் மாணவரிடமும் உள்ளது.

இந்த அச்சத்துக்கான மாற்று மருந்து வெளிப்படைத்தன்மையாகும். எதற்கு எத்தனை புள்ளி என்பதை ஒப்படை வழங்கும்போதே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இறுதிப் பரீட்சைக்கு உள்ளதுபோன்று ஒப்படைக்கும் இரண்டாம் பரீட்சகர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்திய விடையை மாணவர் மீண்டும் பார்க்க வேண்டும். இன்று பெரும்பாலான மாணவர்கள் தமது விடைத்தாளை மண்டபத்தில் கையளித்தபின் ஒருபோதும் காண்பதில்லை. பெறுபேற்றுப் பட்டியலில் ஓர் எழுத்து மாத்திரம் வருகின்றது. எங்கே பிழைத்தோம் என்பதை அறியாமல் பட்டம் பெற்றுவிடுகின்றனர். பிழையைக் காட்டாத பரீட்சை தரம் பிரிக்குமேயன்றிக் கற்பிக்காது.

செயற்கை நுண்ணறிவின் வருகை இந்த விவாதத்துக்கு அவசரத்தைக் கொடுத்துள்ளது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியிடப்பட்ட பின்னர், பொதுவான தலைப்பில் வழங்கப்படும் ஒப்படையை ஒரு மாணவர் சில நிமிடங்களில் பெற்றுக்கொள்ள முடிகின்றது. ஆகவே மீண்டும் பரீட்சை மண்டபத்துக்கே திரும்புவோம் என்ற குரல் எழுவது இயல்பு. ஆனால் மனனம் செய்து ஒப்புவிக்கும் ஆற்றலே இயந்திரத்திடம் முதலில் தோற்றுப்போன ஆற்றல். ஒலுவில் கரையில் தானே எடுத்த அளவீட்டைப் பத்து நிமிட வாய்மொழிப் பரீட்சையில் மாணவர் விளக்கும்போது, அது அவரது உழைப்பா என்பது தெரிந்துவிடும்.

மொழியும் இங்கு மறக்கப்படக் கூடாதது. தமிழில் உயர்கல்விக்குரிய நூல்கள் அருகியிருப்பதால் விரிவுரைக் குறிப்பே மாணவரின் ஒரே நூலாகிவிடுகின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்ததோடு மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கி வெளியிட்டார். அந்த மண்ணில் இன்று தமிழ்மொழி மூல மாணவருக்கு வாசிக்க நூலில்லை என்பது வெட்கத்துக்குரியது. நூல்களையும் மொழிபெயர்ப்புகளையும் ஆக்கும் விரிவுரையாளருக்குப் பதவியுயர்வில் உரிய இடம் வழங்கப்பட வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் விரிவுரையாளர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியுள்ள நிலையில், எஞ்சியோரின் சுமை பெரிது என்பதை நாம் அறிவோம். எனவே அனைத்தையும் ஒரே நாளில் மாற்றுமாறு எவரும் கோரவில்லை. ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு ஒரு பாடத்தைத் தெரிவு செய்து, அதன் வினாத்தாளை முதலில் மாற்றட்டும். குறிப்புப் புத்தகத்தை மட்டும் படித்தவர் விடையளிக்க முடியாத ஒரு வினாவேனும் அதில் கட்டாய வினாவாக இடம்பெறட்டும். மூதவைகளும் பீடச்சபைகளும் மனம் வைத்தால், இதற்கு அமைச்சின் சுற்றறிக்கையோ வெளிநாட்டு நிதியுதவியோ தேவைப்படாது.

இலவசக் கல்வியின் பயனாகக் கிராமத்திலிருந்து முதற்தடவையாகப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்காக ஒரு குடும்பமே காத்திருக்கின்றது. அப்பிள்ளை நான்கு ஆண்டுகளின் பின்னர் சுயமாகச் சிந்திக்கும் துணிவுடன் வீடு திரும்புமா, அல்லது மறந்துபோன குறிப்புகளுடன் பட்டச் சான்றிதழை மாத்திரம் சுமந்து திரும்புமா என்பது, நாம் அவர் முன் வைக்கும் வினாத்தாளிலேயே பெருமளவு தங்கியுள்ளது.