சிகரத்தில் குறையும் அளவு

பெருங்குடியை அடுத்த தரமணியில் 2019 ஜனவரியில் அப்போலோ புரோட்டான் மையம் திறக்கப்பட்ட நாள் முதல், அதுவரை பாடநூலில் மட்டும் கண்டு பழகியிருந்த பிராக் சிகரம் சென்னை மருத்துவ இயற்பியலாளர்களுக்கு அன்றாட அலுவலாகிவிட்டது. 70 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில் நீருக்குள் சுமார் 4 சென்டிமீட்டரும், 230இல் சுமார் 33 சென்டிமீட்டரும் சென்று நின்றுவிடும் புரோட்டான், நிற்குமிடத்தை அண்டியே தன் ஆற்றலை மிகச் செறிவாகச் சொரிகிறது; அதுவே பிராக் சிகரம். 1946இல் ராபர்ட் வில்சன் புரோட்டானைச் சிகிச்சைக்கு உகந்ததெனக் கருதியதற்கு இக்குணமே காரணம்.

புரோட்டான் நிற்கும் அவ்விடத்தை நாம் அளக்கும் விதந்தான் கவலைக்குரியது. கட்டிலின்மேல் நீருக்கு நிகரான சாலிட் வாட்டர் பலகைகளை அடுக்கி, அயனிக்கல வரிசையை வைத்து, ஓர் ஆழத்தை அளந்து, மீண்டும் உள்ளே சென்று பலகையைக் கூட்டியோ குறைத்தோ அடுத்த ஆழத்துக்குச் செல்கிறோம். 7.6 மில்லிமீட்டர் இடைவெளியில் 1020 கலங்களைக் கொண்ட கருவியும் ஒரு தளத்தையே காட்டுமாதலால், இரண்டு மூன்று தளங்களைக் கொண்டு முழுக் கன பரிமாணத்தையும் அனுமானித்து, கணித்த டோஸும் அளந்த டோஸும் ஒத்துப்போகும் புள்ளிகளின் விகிதமான காமா தேர்ச்சி சதவீதம் ஒன்றை எழுதிக் கையொப்பமிடுகிறோம். தவறிய புள்ளிகள் யாவும் சிகரத்தின் பின்விளிம்பிலேயே, உதாரணமாகத் தண்டுவடத்தை ஒட்டியே, குவிந்திருந்தாலும் அச்சதவீதம் அதனை உரைப்பதில்லை.

இதற்கு மாற்றாக, 1980களில் கதிர்வீச்சை அளக்கும் ஃப்ரிக்கி கரைசலை ஜெல்லில் உறையவைத்து எம்.ஆர்.ஐ. மூலம் வாசித்துக் காட்டியதிலிருந்து வளர்ந்துவந்த ஜெல் முறை, டோஸ் பரவல் முழுவதையும் ஒரே கதிர்வீச்சில் பதிந்துகொள்வது. ஆயினும் பாலிமர் ஜெல்லில், புரோட்டானின் வேகம் தணிந்து அயனிகள் நெருங்கிப் பிறக்குமிடத்தில், ராடிக்கல்கள் பாலிமர் வினையைத் தொடங்குமுன்னரே ஒன்றோடொன்று கூடி அழிந்துவிடுவதால், எந்தச் சிகரத்தை அறிய அதனை நாடினோமோ அச்சிகரத்தையே அது குறைத்துக் காட்டுகிறது. இக்குறையைச் சுட்டி ஜெல்லை ஒதுக்கிவிடுவது முறையன்று என்பது எமது துணிபு. ஒவ்வோர் ஆழத்திலும் நேரியல் ஆற்றல் மாற்றத்தை (எல்.இ.டி.) மான்டி கார்லோ முறையில் கணித்துத் திருத்தி, சர்வதேச அணுசக்தி முகமையின் டி.ஆர்.எஸ். 398 விதிப்படி அளந்த அயனிக்கல அளவோடு இணைத்தால், அதன் சாட்சியம் ஏற்கத்தக்கதே.

ஆகவே எமக்குக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள் காமா சதவீதத்தோடு நின்றுவிடாமல், ஜெல்லின் ஆழ வளைவையும் அயனிக்கல வளைவையும் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒரே படத்தில் வரைந்து, ஜெல்லின் சேர்மானம், தயாரித்த தொகுதி, வாசிக்குமுன் கழிந்த நேரம் ஆகியவற்றையும் குறித்தனுப்புமாறு வேண்டுகிறோம்.