கிணற்றடியிற் கூடும் இரு கலைகள்

சட்டம் நீதிமன்றத்துக்குரியது, புவியியல் தேசப்படத்துக்குரியது என்று பிரித்தெண்ணும் வழக்கம் மாணவரிடையே உண்டு. ஆயின், இவ்விரு கலைகளும் யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலே ஒன்றுகூடி நிற்கின்றன. அதனை இவ்வாரம் நோக்குவோம்.

முதலிற் புவியியல். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். நிலத்தின்கீழ்ப் பரந்திருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீரிற் கரையும் இக்கல்லிலே பிளவுகளும் குகைகளும் பல. வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழை அவற்றினூடு இறங்கித் தேங்குகின்றது. அந்த நன்னீர், தன்னிலும் அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கணக்கு. இக்கணக்கின் மறுபுறமே நாம் அஞ்சவேண்டியது. அளவின்றி இறைத்து மேலே 1 அடி குறைந்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி வரை ஏறிவர இடமுண்டு. புத்தூர் நிலாவரையில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்துநீர் உவராகவும் இருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

இனிச் சட்டம். நொத்தாரிசு எழுதிய பழைய காணி உறுதிகளைப் பார்த்தால், காணியின் எல்லைகளோடு கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பிறர் காணியூடாக நீர் கொண்டுசெல்லும் உரிமையை உரோம ஒல்லாந்தச் சட்டமும் ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் ஓருண்மையை மறத்தலாகாது. உறுதி கிணற்றைப் பங்கிடும்; நிலத்தடியில் ஓடும் நீருக்கு வேலியிட அதனால் ஆகாது. ஒரு வளவிலே சிந்திய நஞ்சு, கல்லின் பிளவு வழியே அயலார் கிணற்றையும் சென்றடையும்.

சுன்னாகத்தில் நேர்ந்தது இதுவே. மின்னிலையக் கழிவெண்ணெய் கலந்து அயற்கிணறுகளின் நீர் கெட்டது. 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்று தாக்கலாயிற்று. மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்ற கோட்பாட்டின் வழி, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு மன்று 2019இல் தீர்ப்பளித்தது. நீர் சென்ற வழியைக் காட்டுவது புவியியல். பொறுப்பாளி யார் என்பதைத் துணிவது சட்டம். ஒன்றின்றி மற்றொன்று வழக்கை முடித்திராது.

ஆனால், தீர்ப்பு வருமுன் மக்கள் வாளியுடன் காத்துநின்ற நாள்கள் எத்தனை! பணத்தால் ஈடுசெய்யலாம், கெட்ட நிலத்தடி நீரை விரைவில் மீட்டல் அரிது. ஆதலின், இயற்கையைப் பாதுகாத்தல் ஒவ்வொருவர்க்கும் கடமை என்று நமது அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை கூறுவதை ஏட்டளவில் விடாது கைக்கொள்ளல் வேண்டும்.

மாணவ மாணவியருக்கு ஒரு பயிற்சி தருகின்றோம். பெற்றோரிடம் கேட்டு, வீட்டுக் காணி உறுதியில் நீரைப்பற்றி எழுதியிருப்பதை வாசியுங்கள். பின், மாரியிலும் கோடையிலும் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து குறித்து வையுங்கள். அவ்விரு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உறுதி சொல்லாத செய்தி ஒன்றைக் கிணறு சொல்லும்.